வாள் பிடித்த கை எழுதியது

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்குப் பாடுவது பரணி என்று நம் முன்னோர் இலக்கணம் வகுத்தார்கள். குலோத்துங்கனுடைய படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். ஜயங்கொண்டார் பரணி பாடினார். போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைத்து, வயிறு புடைக்க உண்டு, சோழனை வாழ்த்துகின்றன. வாய்விட்டுப் படித்தால் தொடை தானாகவே தாளம் போடும். அப்படிப்பட்ட நடை.

தாளம் ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. தொண்டைமானின் படையோடு காஞ்சியிலிருந்து கலிங்கம் வரைக்கும் கால்நடையாகவே போன சாதாரணக் காலாள் ஒருவன் உயிரோடு திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தன் கதையைத் தானே ஓலையில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான்? ஆயிரம் யானைகளை எண்ணியிருப்பானா, அல்லது நடந்து நடந்து தன் காலில் கண்ட புண்ணைப் பற்றி எழுதியிருப்பானா? ஆற்றைக் கடக்கும்போது அடித்துச் செல்லப்பட்ட அடுத்த வீட்டுக்காரனைப் பற்றி எழுதியிருப்பானா? தனக்குப் பயமாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டிருப்பானா?

அந்த ஓலை நமக்குக் கிடைக்கவில்லை. யுத்தத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் புலவர்கள் சொன்னதும், கல்வெட்டு வெட்டியவர்கள் சொன்னதும், எங்களைப் போன்ற கதைக்காரர்கள் சொன்னதுந்தான். எங்கள் கையில் இருப்பது பேனா. ஒரு அத்தியாயத்தில் பத்தாயிரம் பேரைச் சாய்த்துவிட்டு, மை உலர்வதற்குள் காப்பி குடிக்க எழுந்து போய்விடுவோம்.

ஆனால் மற்ற தேசங்களில் அந்தக் காலாட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கைந்து பேரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. போருக்குப் போனவர் எழுதிய எல்லாப் புத்தகமும் உண்மை பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓய்வு பெற்ற தளபதிகள் எழுதும் சுயசரிதைகள் பலவற்றில், வெற்றியெல்லாம் ஆசிரியருடையது, தோல்வியெல்லாம் பக்கத்துப் படைப்பிரிவுடையது. இதைச் சலித்தெடுக்க நான் ஒரு சல்லடை வைத்திருக்கிறேன். மறைத்திருந்தால் தனக்கு லாபமாக இருந்திருக்கும் என்ற விஷயத்தை ஆசிரியர் எத்தனை இடத்தில் வெளியே சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பேன். ஓர் இடத்திலாவது சொல்லியிருந்தால், மற்ற பக்கங்களையும் நம்பிப் படிப்பேன்.

இந்தச் சல்லடையில் தங்கியவர்களில் மூத்தவர் பெர்னால் டயஸ் டெல் காஸ்டில்லோ என்ற ஸ்பானிஷ் சிப்பாய். 1519-ல் கோர்ட்டெஸ் என்ற தலைவனோடு மெக்ஸிகோவுக்குள் புகுந்த சில நூறு பேரில் ஒருவர். அங்கே அஸ்டெக் மக்களின் பேரரசு 1521-ல் அவர்கள் கையில் வீழ்ந்தது. கிழவரான பிறகு குவாத்தமாலாவில் குடியிருந்த டயஸின் கைக்கு, கோமாரா என்ற பாதிரியார் எழுதிய சரித்திரம் வந்து சேர்ந்தது. கோமாரா ஸ்பெயினில் கோர்ட்டெஸின் வீட்டோடு இருந்தவர். கடலைத் தாண்டி மெக்ஸிகோவை எட்டிக்கூடப் பார்க்காதவர். அவர் எழுதியதைப் பார்த்தால், மெக்ஸிகோவை ஒரே ஒரு மனிதன் வென்றதாகத் தோன்றும். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'அப்படியானால் நாங்கள் எதற்குப் போனோம்?' என்று கேட்பது போல ஆரம்பித்து, பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். 1568-ல் ஒருவாறு முடித்தார். 1584-ல் காலமானார். புத்தகம் அச்சேறியது 1632-ல்.

தபாஸ்கோவில் நடந்த சண்டையில் தேவதூதரைப் போல ஒரு புனிதர் குதிரைமேல் வந்து ஸ்பானியர்களைக் காப்பாற்றினார் என்று பாதிரியார் எழுதியிருந்தார். டயஸ் மறுக்கவில்லை. தாம் பாவியானபடியால் புனிதரைக் காணும் பாக்கியம் தமக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்கிறார். தம் கண்ணுக்குத் தெரிந்தது, செம்பழுப்புக் குதிரைமேல் வந்த பிரான்ஸிஸ்கோ டி மோர்லா என்ற சக வீரன் மட்டுமே என்கிறார். இதற்கு மேல் மரியாதையாக ஒரு சரித்திரக்காரரை யாராவது கவிழ்த்திருக்கிறார்களா?

தலைநகரத்தின் முற்றுகையின்போது, பிடிபட்ட தம் தோழர்களைக் கோயில் மேடையில் ஏற்றி நெஞ்சைப் பிளந்து பலி கொடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் நெஞ்சில் ஒரு திகிலும் துக்கமும் வந்து கவியும். ஒரு தடவையோ இரண்டு தடவையோ சிறுநீர் கழித்துவிட்டு, ஆண்டவனை வேண்டிக்கொண்டு புறப்படுவேன் என்று எழுதுகிறார். எத்தனையோ சண்டைகளைக் கண்ட கிழவர்! இதை அவர் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

1520 ஜூன் 30-ந் தேதி இரவு ஸ்பானியர்கள் தலைநகரை விட்டு ஓட வேண்டி வந்தது. குவிந்து கிடந்த பொன்னை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. மூட்டை கட்டிக்கொண்டவர்கள் பலர் அந்தச் சுமையோடு கால்வாயில் மூழ்கிப் போனார்கள். டயஸ் எடுத்துக்கொண்டது நாலே நாலு பச்சைக் கற்கள். அந்த ஊர் மக்கள் பொன்னைவிட மேலாக மதித்த கற்கள் அவை. பிறகு புண்ணுக்கு மருந்தும் வயிற்றுக்குச் சோறும் அந்தக் கற்கள்தாம் வாங்கித் தந்தன.

இவரை நான் மகான் என்று சொல்லவில்லை. கடவுளுக்குத் தொண்டு செய்யப் போனோம், பணம் சேர்க்கவும் போனோம் என்று அவரே சொல்லிவிடுகிறார். சோலூலா நகரத்தில் நடந்த படுகொலையை அவர் கடைசி வரையில் நியாயப்படுத்துகிறார். உள்ளதை ஒளிக்காமல் சொல்கிறவர் நியாயவானாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அவர் ஒளிக்காததனால்தான், நாம் இன்று அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடிகிறது. கோமாராவின் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்மால் அது முடியாது.

பயத்தைச் சொன்னவர் இவர் என்றால், பசியைச் சொன்னவர் ஜோஸப் பிளம் மார்ட்டின். அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு எதிராகச் சுதந்திர யுத்தம் நடத்தினார்கள் அல்லவா? அதில் 1776-ல், பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்த பையன். எழுபது வயதை நெருங்கும்போது தம் கதையை எழுதி, 1830-ல் பெயர் போடாமலே வெளியிட்டார். அந்த யுத்தத்தைப் பற்றி ஓவியங்களில் நாம் காண்பது வாஷிங்டனின் வெள்ளைக் குதிரையையும் கொடியையும். மார்ட்டினின் புத்தகத்தில் வாஷிங்டன் தூரத்தில் எங்கோ போகிறார், வருகிறார். கிட்டத்தில் இருப்பது வயிறுதான்.

1777-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் நாடு முழுவதும் நன்றி தெரிவிக்கும் திருநாள் கொண்டாட வேண்டும் என்று அவர்களுடைய காங்கிரஸ் உத்தரவிட்டது. பட்டினி கிடந்த பட்டாளத்துக்கும் விருந்து உண்டு என்று அறிவித்தார்கள். வந்தது என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு சிறங்கைகூட நிரம்பாத அரிசியும், ஒரு பெரிய கரண்டி வினிகரும்! மார்ட்டின் இதை அழுதுகொண்டு எழுதவில்லை. விருந்துச் சாப்பாட்டை வர்ணிக்கிற பாவனையில் எழுதுகிறார். படிக்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது; சிரித்து முடிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. வேறொரு சமயம் மரப்பட்டையைக் கடித்துத் தின்றதைச் சொல்கிறார். சம்பளமாகக் கொடுத்த காகிதப் பணம் செல்லாக் காசாகிப் போனதைச் சொல்கிறார். தேசம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று வெளிப்படையாகக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அவருடைய ஆயுளில் கிடைத்த பதில், ஏழைச் சிப்பாய்களுக்கென்று 1818-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி வருஷத்துக்கு 96 டாலர் பென்ஷன்.

மூன்றாமவர் பர்மாக் காட்டில் போரிட்டவர். பர்மா என்றால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய வலி நினைவு வரும். 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது, ரங்கூனிலிருந்து மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். இரண்டு வருஷம் கழித்து அதே பர்மாவுக்குள், ஜப்பானியருடைய முதுகுப்புறத்தில் போய்ச் சண்டை போடுவதற்காகச் சிந்திட்டுகள் என்ற விசேஷப் படையை அனுப்பினார்கள். அதில் 111-வது படைப்பிரிவை நடத்தியவர் ஜான் மாஸ்டர்ஸ். கூர்க்கா பட்டாளத்தைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி. பிற்காலத்தில் 'பவானி ஜங்ஷன்' முதலான நாவல்களால் பேர் பெற்றார். அந்த முறையில் என் தொழில்காரர். நாவல்களில் அவருக்கு எத்தனையோ கெட்டிக்காரத்தனம் உண்டு. 1961-ல் எழுதிய 'மாண்டலேயைக் கடந்த பாதை' என்ற யுத்த நினைவுகளில், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

1944 மே மாதம். 'பிளாக்பூல்' என்று பெயரிட்ட ஒரு குன்றில் அவருடைய ஆட்கள் வளைத்துக்கொள்ளப்பட்டார்கள். மழை, சேறு, பீரங்கி, உணவில்லை, தோட்டா இல்லை. மே 25-ந் தேதி குன்றை விட்டுப் போக வேண்டியதாயிற்று. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் உடல் சிதைந்து, பிழைக்கவே வழியில்லாமல் கிடந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களைத் தூக்க ஆளில்லை. விட்டுப் போனால் ஜப்பானியர் கையில் சிக்குவார்கள். டாக்டர் வந்து என்ன செய்வது என்று கேட்கிறார். மாஸ்டர்ஸ் உத்தரவு கொடுக்கிறார். அவர் நடந்து போகும்போது பின்னால் துப்பாக்கிச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது.

அந்தப் பக்கத்தில் வாதம் இல்லை. மன்னிப்பு கேட்பதும் இல்லை. நாவலாசிரியன் இதைக் கற்பனை செய்திருந்தால், தளபதியை அழவிட்டிருப்பான். இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு பெரிய வசனம் கொடுத்திருப்பான். மாஸ்டர்ஸ் நாவலாசிரியராக இருந்தும் இரண்டும் செய்யவில்லை. உத்தரவு கொடுத்தது நான் என்ற ஒரு விஷயத்தை மட்டும் நம் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார். பிறகு அந்தப் படைப்பிரிவில் மிஞ்சியவர்களை வைத்தியர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 2,200 பேரில் மேற்கொண்டு போரிடத் தகுதியுள்ளவர்கள் என்று தேறியவர்கள் 118 பேர்.

இதுவரை சொன்ன புத்தகங்கள், யுத்தம் மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றன. யுத்தத்தில் மனிதன் என்னவாக ஆகிறான் என்பதைச் சொன்னவர் யூஜின் ஸ்லெட்ஜ். நான் சொல்லும் ஐந்தில் ஒன்றைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இவருடைய புத்தகத்தைப் படியுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டாக்டர் ஒருவரின் மகன். சாது, பறவைகளைப் பார்ப்பதில் பிரியமுள்ளவர். கடற்படையைச் சேர்ந்த மரீன் துருப்பில் சேர்ந்து, 1944 செப்டம்பர் 15-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் பெலலியூ என்ற சின்னஞ்சிறு தீவில் இறங்கினார். நாலு நாளில் முடிந்துவிடும் என்று ஜெனரல் சொன்ன சண்டை இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. இவருடைய கம்பெனியில் இறங்கியவர்கள் சுமார் 235 பேர். உடம்பில் காயமில்லாமல் மீண்டவர்கள் 85. அடுத்த வருஷம் ஒக்கினாவா. அது இன்னும் மோசம். சிப்பாய்கள் நாட்குறிப்பு வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டிருந்தது. சட்டைப் பையில் இருந்த சிறிய வேதப் புத்தகத்துக்குள் ஸ்லெட்ஜ் ரகசியமாகக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் படித்து, உயிரியல் பேராசிரியராகி, 1981-ல்தான் புத்தகத்தை வெளியிட்டார்.

பெலலியூவில் முதல் நாட்களில் ஒருநாள் இரவு. சிப்பாய் ஒருவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கூச்சல் போட ஆரம்பித்தான். சத்தம் கேட்டு எதிரி வந்தால் எல்லோருக்கும் சாவு. மருந்து கொடுத்தார்கள், பலிக்கவில்லை. கடைசியில் மண்வெட்டியால் அடித்து அடக்கினார்கள். விடிந்தபோது அவன் இறந்து கிடந்தான். அவனை எதிரி கொல்லவில்லை. இந்தச் செய்தி எந்த அரசாங்கத் தந்தியிலாவது வந்திருக்குமா?

இறந்த ஜப்பானியர் வாயிலிருந்து தங்கப் பல்லைப் பிடுங்கிப் பையில் சேர்ப்பது அங்கே சில மரீன்களின் வழக்கமாகிவிட்டது. உயிர் போகாத ஒருவனுடைய வாயைக் கத்தியால் கிழித்துப் பல்லை எடுத்ததையும் ஸ்லெட்ஜ் பார்த்தார், அருவருத்தார். ஆனால் சில நாட்களுக்குப் பிறகு அவரே ஒரு பிணத்தின் முன்னால் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். படை வைத்திய உதவியாளர் ஒருவர் தோளில் கையை வைத்துத் தடுத்தார். 'வேண்டாம், கிருமிகள் இருக்கும்' என்கிற தோரணையில் ஏதோ சொன்னார். ஸ்லெட்ஜும் விட்டுவிட்டார். வெகுகாலம் கழித்துத்தான், அந்த மனிதர் கிருமிகளுக்குப் பயந்து சொல்லவில்லை, தான் முழுவதும் கல்லாகிப் போகாமல் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்பது ஸ்லெட்ஜுக்குப் புரிந்தது.

அந்தக் கத்தியைப் பற்றி அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். பேராசிரியர், குடும்பஸ்தர், கல்லூரியில் நல்ல பேர். எதற்காக எழுதினார்? 'என்னைப் போன்ற சாதுப் பையனே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால், யுத்தம் என்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்' என்பதற்காகவே எழுதினார் என்பது என் எண்ணம். ஜப்பானியர் மேல் தமக்கு இருந்த வெறுப்பையும் அவர் பூசி மெழுகவில்லை. தோழர்கள்மேல் இருந்த அன்பும் எதிரிமேல் இருந்த வெறுப்பும் ஒரே நெஞ்சில், ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

கடைசியாக நம் தேசத்துப் புத்தகம் ஒன்று. 1962-ல் சீனாவோடு நடந்த யுத்தத்தில், வடகிழக்கு எல்லையில் நம்கா சூ என்ற மலையாற்றின் கரையில் 7-வது படைப்பிரிவை நடத்திய பிரிகேடியர் ஜான் தால்வி எழுதிய 'இமாலயத் தவறு'. சீனப் படை மேட்டில் இருந்தது. நம் ஆட்கள் பள்ளத்தில். குளிருக்குத் தகுந்த உடை இல்லை, தோட்டாவும் போதாது. ஆற்றங்கரையோரம் மெல்லிய நூலைப் போல அவர்களை நீட்டி நிறுத்தியிருந்தார்கள். அக்டோபர் 12-ந் தேதி பிரதமர் நேரு இலங்கைக்குப் புறப்படும்போது, நம் மண்ணை மீட்கும்படி படைக்கு உத்தரவிட்டாயிற்று என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தேசம் மகிழ்ந்தது. இந்த நிலைமையில் தம் ஆட்களைப் பலி கொடுப்பதைவிடப் பதவியை விட்டு விலகுகிறேன் என்று தால்வி 19-ந் தேதி தம் மேலதிகாரியிடம் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் சீனர்கள் தாக்கினார்கள். ஒரு ராஜ்புத் பட்டாளத்தில் மட்டும் 513 பேரில் 282 பேர் மாண்டார்கள். 22-ந் தேதி தால்வி பிடிபட்டார். திபெத்தில் கைதியாக இருந்தபோது ஒரு குளிர் இரவில் உருவான எண்ணந்தான் இந்தப் புத்தகம். 1963 மே மாதம் விடுதலையாகித் திரும்பினார். புத்தகம் 1969-ல் வெளிவந்தது.

இதில் ஆற்றாமை இருக்கிறது. அம்புகள் பெரும்பாலும் மேல்நோக்கியே, டெல்லியை நோக்கியே பாய்கின்றன. ஸ்லெட்ஜ் தம் கையில் இருந்த கத்தியைக் காட்டியது போன்ற பக்கம் இதில் குறைவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனாலும் படிக்க வேண்டும். அந்தத் தோல்வியைப் பற்றி ராணுவமே நடத்திய விசாரணையின் அறிக்கை 1963-ல் தயாராகி, அரை நூற்றாண்டு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. 2014-ல் ஒரு பகுதி வெளியே கசிந்தது. அத்தனை காலமும் போர்க்களத்தில் நின்ற ஒரு மனிதர் எழுதியது ஜனங்களின் கையில் இருந்தது என்பது சாதாரண விஷயமல்ல.

அக்டோபர் 12-ந் தேதி அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் கெட்டவர்களல்ல. நம்மைப் போன்றவர்கள். காலையில் பத்திரிகை படித்து, ஆபீஸுக்குப் போய், அங்கே நாலு பேரோடு யுத்தத்தைப் பேசித் தீர்த்தவர்கள். அவர்களுக்குப் பரணி தெரிந்திருந்தது. நம்கா சூவில் எத்தனை கம்பளி இருந்தது என்பது தெரிந்திருக்கவில்லை. யுத்தமே வேண்டாம் என்று இந்தப் புத்தகங்கள் ஒரே குரலில் சொல்கின்றனவா என்றால், இல்லை. தாம் போரிட்டது தேவை என்று ஸ்லெட்ஜ் கடைசி வரையில் நம்பினார். மார்ட்டினும் தம் தேசத்தின் சுதந்திரத்துக்காகப் பெருமைப்பட்டார். அவர்கள் சொல்வது வேறு: 'போ என்று சொல்கிறாய், சரி. எதற்குள் போகச் சொல்கிறாய் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்.' இந்தக் கணக்கு நியாயமானது. கை தட்டுகிறவனுக்கு விலை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், மார்ட்டினில் ஆரம்பியுங்கள்; சிரித்துக்கொண்டே உள்ளே போகலாம். பிறகு தால்வி, மாஸ்டர்ஸ். மனம் திடமாக இருக்கும் ஒரு வாரத்தில் ஸ்லெட்ஜ். பெர்னால் டயஸ் பெரிய புத்தகம். கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நல்ல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் புத்தகம் வாங்க வேண்டாம். வேலூர்ப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பும் கிராமங்கள் உண்டு. உங்கள் தெருவிலும் பட்டாளத்துத் தாத்தா ஒருவர் இருக்கக்கூடும். 1962-ல் சண்டை போட்டவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1971-ல் போனவர்களும் கிழவர்களாகிவிட்டார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு உண்மையான பதில் கிடைக்காது. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், பக்கத்தில் இருந்தவர் பெயர் என்ன என்று கேளுங்கள். மற்றதை அவர் தாமாகவே சொல்வார். சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள்.